பிரித்துப்போட்ட வயலினை அச்செடுப்பது: வரைந்து செதுக்குவதா, பாகத்துக்கே மை தடவுவதா?

ரோலர்கை கேட்டது:

வணக்கம் நண்பர்களே. லினோலியத்திலும் மரக்கட்டையிலும் செதுக்கி அச்செடுப்பவன் நான், தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுக்கும் எட்சிங்கும் கொஞ்சம் பழக்கம் உண்டு. அடுத்ததாக, கழற்றிப் பிரித்துப்போட்ட இசைக்கருவிகளை வைத்து ஒரு வரிசை செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. கையில் கழுத்து விட்டுப்போய் மேல்பலகை பிளந்த ஒரு வயலின் இருக்கிறது, பிரிட்ஜ் பெயர்ந்து பக்கம் உடைந்த ஒரு கிட்டாரும் இருக்கிறது. இரண்டையும் பழுது பார்ப்பவரிடம் காட்டியாயிற்று, எவ்வளவு செலவழித்தாலும் வாசிக்கிற நிலைக்கு வராது என்று சொல்லிவிட்டார்.

என் சிக்கல் வேறு. இந்தப் பொருளில் இன்று விற்கிற அச்சுப் படங்களைத் தேடினால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி இருக்கின்றன. நடுவில் ஒரு வயலின் வெடித்துச் சிதறும், சுற்றிலும் வண்ணத் தெறிப்பு, பின்னணியில் மங்கலான இசைக்குறிப்புத் தாள். முதல் பார்வைக்கு அழகு, இரண்டாவது முறை பார்க்க அதில் எதுவும் மிச்சமில்லை. ஆனால் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் பிராக் 1910 வாக்கில் வரைந்த 'வயலினும் குடமும்' படத்தை எத்தனை முறை பார்த்தாலும் கண் அதற்குள் எதையோ தேடிக்கொண்டே இருக்கிறது. இரண்டிலும் கலைந்த வயலின்தான், அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? கருவியைப் பிரிப்பதற்கு ஏதாவது ஒரு நியாயம் வேண்டுமா, இல்லை கண்ணுக்குப் பிடித்தபடி கலைத்துப்போட்டால் போதுமா?

இன்னொன்று, வரைந்து செதுக்குவதற்குப் பதிலாகப் பாகங்களுக்கே மை தடவித் தாளில் அழுத்தலாமா என்று யோசிக்கிறேன். வயலினின் மேல்பலகை அச்செடுக்கும் உருளைப் பிரஸ்ஸுக்குள் போனால் நொறுங்கிவிடுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தாமிரத்தகடு எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிராக் தன் பட்டறையில் இசைக்கருவிகளை வைத்திருந்தவர், வாசிக்கவும் தெரிந்தவர். தொட்டால் உயிர் பெறுவதுதான் இசைக்கருவியின் தனித்தன்மை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அதைவிட நடைமுறையான காரணம் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். நாற்காலியைப் பத்துத் துண்டாக உடைத்தால் கிடைப்பது விறகு. வயலினை எத்தனை துண்டாக்கினாலும் ஒவ்வொரு துண்டும் தன்னை வயலின் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். மேல்பலகையில் எஃப் எழுத்து வடிவில் இருக்கும் ஒரு எஃப் துளை போதும், ஒரு சுருள் தலை போதும், பக்கத்துப் பக்கத்தில் நான்கு கோடுகள் போதும். பொருளைக் கலைக்கவும் வேண்டும், அடையாளம் முழுவதும் தொலைந்துவிடவும் கூடாது என்று நினைத்த ஓவியர்களுக்கு இதைவிட வசதியான பொருள் கிடைத்திருக்காது.

அப்புறம், இசைக்கருவி உள்ளே வெறுமையாக இருப்பது. கிட்டார் என்பது காற்றை அடைத்துவைத்த பெட்டிதான். பிக்காசோ 1912-இல் அட்டையில் ஒரு கிட்டார் செய்தார், 1914-இல் அதையே இரும்புத் தகட்டில் திரும்பச் செய்தார், இரண்டும் இப்போது நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் உள்ளன. தகட்டுக் கிட்டாரைப் பாருங்கள். ஒலித்துளை உள்ளே குழிந்து போவதற்குப் பதிலாக ஒரு குழாயாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். முன்பலகை மூட வேண்டிய இடத்தில் பெரும்பகுதி திறந்தே கிடக்கும், உள்பக்கம் தெரியும். துளையைப் பொருளாகவும் பலகையை வெறுமையாகவும் மாற்றிவிட்டார். கிட்டாரில் எது முக்கியம் என்று யோசித்தவர்தான் அப்படிச் செய்ய முடியும், சத்தம் அந்தத் துளையையும் உள்ளே இருக்கிற காற்றையும் நம்பித்தானே இருக்கிறது.

நீங்கள் சொன்ன வெடித்துச் சிதறும் படங்களில் இந்த யோசனைதான் இல்லை. அவற்றில் வயலின் கண்ணாடி மாதிரி முக்கோண முக்கோணமாக உடைந்து பறக்கும். மேல்பலகை செய்கிற ஸ்புரூஸ் மரம் அப்படி உடையாது, ரேகையோடு நீளமாகப் பிளக்கும். உங்கள் கையில் இருக்கிற வயலினின் பிளவைப் பாருங்கள், தலையிலிருந்து அடிவரை ஓடுகிற மாதிரி இருக்கும். அந்த ஒரு விஷயத்திலேயே, வரைந்தவர் உடைந்த வயலினைக் கையில் எடுத்துப் பார்த்தாரா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அச்சு என்று வரும்போது இதற்கு இன்னும் பழைய வேர் ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. 18-ஆம் நூற்றாண்டில் திதரோவும் தலம்பேரும் பாரிஸில் கொண்டுவந்த கலைக்களஞ்சியத்தின் படத் தொகுதிகள் 1762 முதல் 1772 வரை வெளியாயின. அவற்றில் இசைக்கருவி செய்யும் தொழிலுக்கென்றே தகடுகள் இருக்கின்றன, எல்லாம் தாமிரத்தில் செதுக்கியவை. முழு வயலின், கழற்றிய பாகங்கள், செய்வதற்கான உளி, அச்சு, இறுக்கிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். உணர்ச்சி காட்ட வேண்டும் என்ற எண்ணமே அந்தப் படங்களைச் செதுக்கியவர்களுக்கு இல்லை. ஆனாலும் அந்தத் தாளில் வரிசையாகக் கிடக்கிற துண்டுகளைக் கண் தானாகவே சேர்த்துச் சேர்த்துப் பார்க்கிறது. பிராக்கின் படத்தில் கண் தேடுவதும் அதையேதான் என்பது என் எண்ணம். பிரித்துப்போட்ட கருவியின் படம் நம்மைப் பிடித்து நிறுத்துவது, அதைத் திரும்பச் சேர்க்க நமக்கு ஒரு வழி தெரிகிறபோதுதான்.

எனவே என் பதில்: நியாயம் கட்டாயம் வேண்டும், அந்த நியாயம் கருவி எப்படி ஒலிக்கிறது என்பதிலிருந்து வர வேண்டும்.

வஜ்ஜிரக்கை எழுதியது:

நான் ஓவியன் இல்லை, தந்திக் கருவிகளைத் திறந்து பழுது பார்ப்பது என் வேலை. மேலே தாமிரத்தகடு நண்பர் சொன்னதோடு முழுவதும் ஒத்துப்போகிறேன், அதற்கு மரத்தின் பக்கமிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

முதலில் வயலினில் எது எதோடு ஒட்டியிருக்கிறது, எது ஒட்டாமல் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மேல்பலகை, பின்பலகை, பக்கங்கள், கழுத்து, உள்ளே மேல்பலகையின் அடியில் நீளமாக ஓடும் பாஸ் பார், இவையெல்லாம் ஒட்டியவை. குதிரை, அதாவது தந்திகளைத் தாங்குகிற பிரிட்ஜ், ஒட்டியதில்லை, தந்திகளின் இறுக்கத்தால் மட்டும் நிற்கிறது. உள்ளே மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில் முட்டுக்கொடுத்தபடி நிற்கிற சவுண்ட் போஸ்ட் என்ற சின்ன மரக்குச்சியும் ஒட்டியதில்லை. தந்திகளை முழுவதும் தளர்த்தினால் குதிரை விழும், பல நேரம் அந்தக் குச்சியும் சாய்ந்துவிடும். அந்தக் குச்சி ஒரு சின்ன அளவு இடம் மாறினாலும் மொத்தத் தொனியும் மாறும். பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் அதை ஆன்மா என்றே அழைக்கிறார்கள். வயலின் வரைகிற படங்களில் அநேகமாக யாரும் காட்டாத பாகமும் அதுதான், வெளியே தெரியாதே. உங்கள் வரிசையில் அதற்கென்று ஒரு தாள் ஒதுக்கினால் நான் மிகவும் மகிழ்வேன்.

இப்போது திறப்பது பற்றி. பழைய முறையில் செய்த வயலின் என்றால் விலங்குத் தோலில் காய்ச்சிய வஜ்ஜிரத்தால் ஒட்டியிருப்பார்கள். அது வேண்டுமென்றே மரத்தைவிட வலு குறைவாகப் போடுகிற பசை, காலநிலை மாறி மரம் இழுக்கும்போது மரம் பிளக்காமல் ஒட்டு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதற்காக. மெல்லிய, கூர் மழுங்கிய கத்தியை ஓரத்தில் நுழைத்து மெதுவாக நகர்த்தினால் டக் டக் என்று விட்டுக்கொண்டே வரும். பிடிவாதமான இடத்தில் கொஞ்சம் ஈரமும் சூடும் காட்டுங்கள். மலிவாகத் தொழிற்சாலையில் செய்தது என்றால் செயற்கைப் பசையாக இருக்கலாம், அது இப்படி விடாது, வற்புறுத்தினால் பலகையைப் பிய்த்துக்கொண்டு வரும்.

பிரஸ் கேள்விக்கு: மேல்பலகையைத் தயவுசெய்து உருளைக்கு அடியில் விடாதீர்கள். அது தட்டையான பலகை இல்லை, நடுவில் சுமார் 15 மில்லிமீட்டர் உயரம் வளைந்து எழும்புகிறது, மரத்தின் தடிமனோ சுமார் 3 மில்லிமீட்டர்தான். நிச்சயம் நொறுங்கும். மெல்லிய ஜப்பானியத் தாளைப் போட்டுக் கையால் தேய்த்து எடுங்கள்.

எந்தப் பாகம் எப்படி அச்சாகும் என்பது ஒவ்வொன்றுக்கும் வேறு. குதிரைதான் இருப்பதிலேயே எளிது. அதன் இரண்டு பக்கங்களில் தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸைப் பார்க்கிற பக்கம் தட்டையாக இருக்கும், மறுபக்கம் லேசாக வளைந்திருக்கும். தட்டையான பக்கத்துக்கு மை போட்டால் நடுவில் உள்ள இதயவடிவத் துளையும் பக்கத்து வெட்டுகளும் அப்படியே வரும். விரல்பலகை குறுக்காக வளைந்தது, அதைத் தாளில் வைத்துத் தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஒரு பக்கமிருந்து மறுபக்கம் உருட்ட வேண்டும். கருங்காலி என்றால் ரேகையே தெரியாத அடர்ந்த கறுப்பாக விழும். பக்கப் பலகைகள் சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான், சூடும் ஈரமும் காட்டினால் வளைவை நிமிர்த்திவிடலாம், நிமிர்த்தினால் நீளமான நாடா மாதிரி மேப்பிள் மரத்தின் வரிகளோடு அச்சாகும். வயலினின் இடுப்பு வளைவு முழுவதும் நேர்கோடாகப் படுத்திருப்பதைப் பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

கிட்டாரின் மேல்பலகை ஏறக்குறைய தட்டை, அதனால் உங்களுக்கு அதில்தான் பெரிய பரப்பு கிடைக்கும். வார்னிஷைச் சுரண்டிவிட்டு, மென்மையான பித்தளைத் தூரிகையால் ரேகையோடு தேயுங்கள். இரண்டு ரேகைக்கு நடுவே உள்ள மென்மையான மரம் தேய்ந்து, கடினமான கோடுகள் எழும்பி நிற்கும், மை அதில் மட்டும் பிடிக்கும்.

ரோலர்கை எழுதியது:

ஐயா, இது நான் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு. தாமிரத்தகடு நண்பருக்கும் நன்றி. பிளவைப் போய்ப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியேதான், எஃப் துளையின் ஓரத்திலிருந்து ரேகையோடு கீழே ஓடுகிறது.

ஒரு சந்தேகம். பாகத்திலிருந்து நேராக அச்செடுத்தால் இடம் வலம் மாறிவிடுமே, அது கருவியில் தவறாகத் தெரியாதா? கருவி தெரிந்தவர்கள் பார்த்தால் முகம் சுளிப்பார்களா?

வஜ்ஜிரக்கை எழுதியது:

சுளிப்போம். வயலின் வெளியே பார்க்க இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஆனால் உள்ளே அப்படி இல்லை. முன்னால் நின்று, தலை மேலே இருக்கும்படி பார்த்தால், தடித்த தந்தி இடப்பக்கம், பாஸ் பார் அதன் அடியில். மெல்லிய தந்தி வலப்பக்கம், சவுண்ட் போஸ்ட் அந்தப் பக்கத்துக் குதிரைக்காலுக்குச் சற்றுக் கீழே. கட்டையில் நேராக வரைந்து அச்செடுத்தால் இது தலைகீழாகி இடக்கையால் வில் பிடிப்பவருக்கான வயலினாகிவிடும்.

ஆனால் ஒரு நல்ல விஷயம் சொல்கிறேன். மேல்பலகையைக் கழற்றித் திருப்பி, உள்பக்கத்துக்கு மை போடுங்கள். திருப்பியதால் பாஸ் பார் வலப்பக்கம் வந்திருக்கும். தாளை வைத்து எடுத்தால் அது மறுபடி மாறி இடப்பக்கம் போய்விடும். அதாவது உள்பக்கத்தின் அச்சு, முன்னால் நின்று மரத்துக்குள்ளே ஊடுருவிப் பார்த்த மாதிரி சரியான இடத்தில் விழும். கிட்டாரிலும் அப்படியே. அங்கே உள்பக்கம் எழும்பி நிற்கிற தாங்குகட்டைகளின் முகடுகளில் மட்டும்தான் தாள் படும், பலகை படாது. கம்பித் தந்திக் கிட்டார் என்றால் எக்ஸ் வடிவக் கட்டைகள், நைலான் தந்தி என்றால் பெரும்பாலும் விசிறி மாதிரி விரிந்த கட்டைகள். அந்தக் கோடுகள் மட்டும் வெள்ளைத் தாளில் வரும். வெளியே இருந்து யாரும் பார்க்காத கிட்டார் அது.

திரைமை எழுதியது:

இதைப் படித்துக்கொண்டிருந்தேன், உள்ளே வராமல் இருக்க முடியவில்லை. துணித்திரை வழியாக மையைத் தள்ளி எடுக்கும் ஸ்கிரீன் பிரிண்டில் இடம் வலம் மாறாது, அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், நேரான பார்வை வேண்டிய தாளை அதில் செய்யலாம். ஆனால் ரோலர்கைக்கு மரக்கட்டை பழக்கம் என்பதால் நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் 1890-களின் கடைசியில் மரக்கட்டையை மெல்லிய ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி நிறத்தில் மை போட்டு, திரும்ப ஒன்றாகச் சேர்த்து வைத்து ஒரே தடவையில் அச்செடுத்தார். 1899-இன் 'தனித்திருப்பவர்கள்' அப்படிச் செய்ததுதான். துண்டுகள் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக்கோடு விழும். மர ரேகையையும் அவர் மறைக்கவில்லை, படத்தின் பகுதியாக ஓடவிட்டார்.

உங்கள் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தோன்றவில்லை. கட்டையையே வயலினின் பாகங்களாக அறுங்கள். முதல் தாளில் எல்லாத் துண்டையும் நெருக்கிச் சேர்த்து அச்செடுங்கள், முழு வயலின் வரும், சேர்ப்புக் கோடுகளோடு. அடுத்தடுத்த தாள்களில் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி வையுங்கள். கட்டையும் மையும் மாறாது, இடைவெளி மட்டும் மாறும். இதைக் கணினியில் அடுக்கு அடுக்காக நகர்த்திச் செய்யவும் முடியும்தான், ஆனால் அதில் துண்டுக்கு எடை இருக்காது. மரத்துண்டைக் கையால் நகர்த்தும்போது எவ்வளவு விலகலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று கை சொல்லிக்கொடுக்கும்.

தந்திகளுக்கும் வில்லின் முடிக்கும் சாஃப்ட் கிரவுண்ட் எட்சிங் பாருங்கள். தகட்டில் மென்மையான மெழுகுப் பூச்சு, அதன்மேல் தந்தியையும் வில்லின் முடியையும் பரப்பி, மேலே தாள் போட்டு லேசான அழுத்தத்தில் பிரஸ்ஸில் விட்டு எடுத்தால் பட்ட இடத்தில் பூச்சு பெயர்ந்துவிடும். பிறகு அமிலத்தில் விட்டால் ஒவ்வொரு முடியும் தகட்டில் கோடாகிவிடும். வில்லில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட முடிகள் இருக்கும், அத்தனையையும் கையால் கீறி அந்த நெளிவைக் கொண்டுவர முடியாது. கம்பி சுற்றிய தந்தியை மட்டும் அதிக அழுத்தத்தில் விடாதீர்கள், பிரஸ்ஸின் கம்பளத்தில் தடம் விழுந்துவிடும்.

செல்லோவிரல் எழுதியது:

எல்லாரும் உற்சாகமாகப் பேசுகிறீர்கள், எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். நான் செல்லோ வாசிக்கிறவள். பிரான்ஸில் பிறந்த கலைஞர் அர்மான் வயலினையும் செல்லோவையும் அடித்து நொறுக்கிப் பலகையில் ஒட்டிய படைப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. 1962-இல் ஜெர்மனியின் வீஸ்பாடனில் ஃப்ளக்சஸ் என்ற சோதனைக் குழுவின் கலைஞர்கள் மேடையிலேயே ஒரு பியானோவைப் பிரித்து உடைத்தார்கள், அதுவும் அப்படித்தான். ஒரு கருவி செய்ய ஒருவர் எத்தனை மாதம் உழைத்திருப்பார், அதை உடைப்பது கலை என்று சொன்னால் என்னால் ஏற்க முடியவில்லை. ரோலர்கை செய்வதை நான் குறை சொல்லவில்லை, வாசிக்க முடியாதது என்று அவர் கேட்டு உறுதி செய்திருக்கிறார். ஆனால் இந்த வரிசையைப் பார்த்துவிட்டு நல்ல கருவியை யாராவது உடைக்கக் கூடாது.

தாமிரத்தகடு எழுதியது:

உங்கள் வருத்தம் நியாயமானது, அதை யாரும் தள்ளிவிடக் கூடாது. ஆனால் அர்மானை முழுவதும் அப்படி ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அவர் 1928-இல் நீஸ் நகரில் பிறந்தவர், அப்பா பழம்பொருள் வியாபாரி, செல்லோவும் வாசிப்பார். வெறுப்பில் உடைத்தவர் என்று சொல்ல முடியாது, அந்தக் கருவிகளோடு வளர்ந்தவர். தவிர, அவர் உடைப்பதற்கு முன்பே தொடங்கியது அச்சில்தான். 1950-களில் ரப்பர் முத்திரைகளைத் தாளில் திரும்பத் திரும்பக் குத்தினார், அப்புறம் பொருள்களை மையில் தோய்த்துத் தாளின்மேல் உருட்டித் தடம் எடுத்தார். ரோலர்கை இன்று செய்ய நினைப்பதற்கு நேர் முன்னோடி அதுதான். பிறகு உடைத்தவை, அறுத்தவை, எரித்தவை என்று தனித்தனி வரிசைகள் வந்தன. 1962-இன் நொறுக்கிய பியானோவான 'ஷோபனின் வாட்டர்லூ' பாரிஸின் பாம்பிடு மையத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

என்னை அதிகம் நிறுத்துவது அறுத்த வரிசைதான். வயலினை ரொட்டி வெட்டுவதுபோல் அல்லாமல் ஒரு திட்டத்தோடு நீளவாக்கில் பலகைகளாக அறுத்து, சற்று விலக்கி விசிறியாகப் பரப்புவார், அதில் மரத்தின் தடிமனும் உள்ளே உள்ள வெற்றிடமும் தெரியும். நொறுக்கியவற்றில் எனக்குத் தெரிவது அவருடைய கோபம் மட்டும்தான், கருவி இல்லை. இந்த இடத்தில் நான் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். பின்னாளில் வயலினை வைத்து அவர் நிறைய லித்தோவும் (கல்லச்சு) ஸ்கிரீன் பிரிண்டும் போட்டார், அவற்றிலும் அறுத்தவற்றின் ஒழுங்கு உள்ளவை மேல்.

கொர்னீலியா பார்க்கர் 2001-இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்காகச் செய்ததையும் தேடிப் பாருங்கள். பித்தளை ஊதுகருவிகளை டவர் பாலத்தைத் தூக்குகிற இயந்திரத்தால் நசுக்கித் தட்டையாக்கி, வட்டமாகத் தொங்கவிட்டார். மூச்சு போக இடமே இல்லாமல் தட்டையான ஊதுகருவி. என் கண்ணுக்கு அது தாளில்லாத அச்சு மாதிரிதான் தெரிகிறது, அழுத்தம் ஒன்றே வேலையை முடித்திருக்கிறது. அப்போதே எதிர்ப்பும் வந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

செல்லோவிரல் எழுதியது:

அறுத்தவற்றை மட்டும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அப்பா செல்லோ வாசித்தவர் என்பது எனக்குப் புதிய செய்தி. நொறுக்கியவற்றைப் பற்றி என் எண்ணம் மாறவில்லை, ஆனால் இவற்றைப் பார்க்க முடிகிறது. ஒருவேளை அறுக்கிறபோது கை நிதானமாக இருந்தே ஆக வேண்டும் என்பதால் இருக்கலாம்.

சுவரில்மாட்ட எழுதியது:

நான் வாங்குகிற பக்கம். பேச்சுக்கு நடுவே வருவதற்கு மன்னிக்கவும். இந்த மாதிரி படங்கள் 'லிமிடெட் எடிஷன்' என்று எண் போட்டு, கையெழுத்தோடு விற்கிறார்கள். உண்மையில் தகட்டிலிருந்தோ கட்டையிலிருந்தோ எடுத்ததா, இல்லை ஓவியத்தை ஸ்கேன் செய்து பிரிண்டரில் அடித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

திரைமை எழுதியது:

பூதக்கண்ணாடி ஒன்று போதும். ஆஃப்செட்டில் அடித்தது என்றால் வட்டவட்டமான புள்ளிகள் வரிசையாகத் தெரியும். இங்க்ஜெட் என்றால் தூவிய மாதிரி ஒழுங்கில்லாத நுண்புள்ளிகள், ஜிக்ளே என்று விற்பது இதைத்தான். தகட்டிலிருந்து எடுத்த எட்சிங்கில் கோட்டின் மை தாளுக்கு மேலே லேசாக எழும்பி நிற்கும், படத்தைச் சுற்றித் தகட்டின் ஓரம் பதிந்த பள்ளமும் பெரும்பாலும் இருக்கும். மரக்கட்டை அச்சில் மை ஓரத்தில் கொஞ்சம் ஒதுங்கி விளிம்பு கட்டியிருக்கும், பின்பக்கம் கையால் தடவினால் அழுத்தம் தெரியும். ஸ்கிரீன் பிரிண்டில் மை ஒரு தோல் மாதிரி சமமாகத் தாளின் மேல் உட்கார்ந்திருக்கும்.

எண்ணும் கையெழுத்தும் இங்க்ஜெட் தாளிலும் போடலாம், அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இங்க்ஜெட் கெட்டது என்று சொல்ல வரவில்லை, அதுவென்று சொல்லி விற்றால் சரி. பிராக் மாதிரி பெரிய பெயர்களில் இன்னொன்றும் கவனியுங்கள்: ஓவியர் தானே தகட்டிலோ கல்லிலோ போட்டது வேறு, அவருடைய ஓவியத்தைப் பார்த்து அச்சகத்துக் கைவினைஞர் போட்டது வேறு. பிராக்குக்கு இரண்டு வகையும் இருக்கின்றன. நல்ல விற்பனையாளர் இதைக் கேட்காமலே சொல்லிவிடுவார்.

ரோலர்கை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறேன். வயலினுக்கு முங்க் முறையில் அறுத்த கட்டை, துண்டுகள் தாளுக்குத் தாள் விலகுகிற மாதிரி. கட்டையில் மட்டும் தலைகீழாக வரைந்துகொள்கிறேன், தாளில் பாஸ் பார் சரியான பக்கம் விழட்டும். கிட்டாருக்கு உள்பக்கத் தாங்குகட்டைகளின் நேரடி அச்சு. சவுண்ட் போஸ்டுக்கு ஐயா கேட்டபடி தனித் தாள்: அதை மட்டும் அதன் உண்மையான அளவில் நிற்கவைத்து, மேலேயும் கீழேயும் இரண்டு பலகைகளின் வளைவுக் கோடு மட்டும் வரும். மையில் கறுப்பு ஒன்றுதான், வண்ணத் தெறிப்பு எதுவும் கிடையாது.

இன்னொரு வாய்ப்பும் வந்திருக்கிறது. தெரிந்தவர் வீட்டில் ஒரு பழைய பியானோவைத் தூக்கிப்போடப் போகிறார்களாம், வேண்டுமானால் எடுத்துக்கொள் என்கிறார்கள். கம்பியைத் தட்டும் சுத்தியல்களும் விரலால் அழுத்தும் சாவிகளும் அச்சுக்கு ஏற்றவையாக இருக்கும் என்று தோன்றுகிறது. கம்பிகளை வெட்டிவிட்டுத் திறக்கலாமா?

வஜ்ஜிரக்கை எழுதியது:

வெட்டாதீர்கள். இதைப் படித்தவுடனே எழுதுகிறேன். பியானோவில் இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகள், எல்லாம் சேர்ந்து 15 முதல் 20 டன் வரை இழுத்துக்கொண்டிருக்கும், அதைத் தாங்கத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம் போட்டிருக்கிறார்கள். இறுக்கத்தில் இருக்கிற கம்பியை வெட்டினால் அது சுருண்டு எகிறி முகத்தைக் கிழிக்கும். ஒரு பக்கம் முழுவதும் தளர்த்தி மறுபக்கம் இறுக்கமாகவே விட்டால் சட்டத்துக்கும் ஆபத்து. கம்பியை முறுக்கும் ட்யூனிங் திருகியால் எல்லாக் கம்பிகளையும் கொஞ்சம், பிறகு எல்லாவற்றையும் இன்னும் கொஞ்சம் என்று சுற்றுச் சுற்றாகத் தளர்த்த வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடித்த கையுறை. வழக்கமாக இந்த வேலை செய்கிறவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டால் நல்லது, சட்டத்தைத் தூக்கத் தனி ஆளால் முடியவே முடியாது.

ஆனால் உங்களுக்கு வேண்டியது சுத்தியலும் சாவியும்தான் என்றால் கம்பியைத் தொடவே வேண்டாம். நேர்நிற்கும் பியானோ என்றால் சுத்தியல் தொகுதி மொத்தமும் சில பிடிகளைக் கழற்றினால் ஒரே துண்டாக வெளியே வந்துவிடும், அதன் பிறகு சாவிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எடுக்கலாம். எடுக்கும்போதே எண் போட்டுக்கொள்ளுங்கள். சுத்தியல் கம்பளி மையை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் முகப்பில் அச்சு சரியாக வராது. பக்கவாட்டில் படுக்கவைத்து, மரக்காம்புக்கு மட்டும் மை போடுங்கள். பல ஆண்டு வாசித்த சுத்தியல் என்றால் கம்பளியில் கம்பி பட்ட இடம் பள்ளமாக இருக்கும், எந்தச் சுரத்தை அதிகம் வாசித்தார்கள் என்று அந்தப் பள்ளத்தின் ஆழமே காட்டும். அதற்கு அச்சைவிட, மேலே மெல்லிய தாளை வைத்துக் கரியால் தேய்த்து எடுப்பது சரியாக வரும் என்று நினைக்கிறேன். 88-ஐயும் வரிசையாக எடுங்கள், நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் வித்தியாசம் தெரியும்.